வானலை மக்கள் சொத்து: மலைக்கும் ஒரு வானொலி வேண்டும்

(பொன்முடியில் தோட்டத் தொழிலாளர்களும் இளைஞர்களும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லாறிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று காலை இங்கே வந்து சேர்ந்தேன். சுற்றுலாப் பயணிகள் மஞ்சைக் காண இம்மலைக்கு வருகிறார்கள், மாலையில் இறங்கிவிடுகிறார்கள். நீங்களோ தலைமுறை தலைமுறையாக இந்த மஞ்சிலேயே கொழுந்து பறிக்கிறீர்கள். உச்சியில் காவல்துறையின் வயர்லெஸ் நிலையம் இருக்கிறது. அரசு பேசுவதற்கு இம்மலை உதவுகிறது. ஆனால் இம்மலையில் வாழும் மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வானொலி இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறீர்கள்.

கூலி, லயம், கிராஜுவிட்டி என்று எரியும் பிரச்சனைகள் எத்தனையோ இருக்க, வானொலி உரிமம் ஒரு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு நான் பெட்டிமுடியை நினைவூட்ட விரும்புகிறேன்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு. மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 உயிர்கள் பறிபோயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களது குழந்தைகளும். மின்சாரம் இல்லை; கைப்பேசித் தொடர்பும் அறுந்து கிடந்தது. இரவில் நிகழ்ந்த பேரழிவை வெளியுலகம் மறுநாள் காலையில்தான் அறிந்தது. மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தவர்களுக்கு அந்த மணித்துளிகள் எத்தகையவை என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு வானொலி நிலையம் மலைச்சரிவைத் தடுத்திருக்காது. ஆனால் பேட்டரியில் இயங்கும் சிறு பெட்டி ஒன்று, மழை கடுமையாகும்போதே, “இந்த வரிசையில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்” என்று தமிழில் சொல்லியிருக்க முடியும். 2022 செப்டம்பரில் 12ஆவது வளைவருகே சாலை இடிந்து, நீங்கள் இங்கே துண்டிக்கப்பட்டதை நீங்களே அறிவீர்கள்.

எனவே இது பொழுதுபோக்குப் பிரச்சனை அல்ல. உயிர்ப் பிரச்சனை, அதோடு உரிமைப் பிரச்சனை.

வானலை யாருடையது?

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான அவ்வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றை அரசும் ஏகபோகமாக வைத்துக்கொள்ளலாகாது, தனியார் முதலாளிகளும் ஏகபோகமாக்கிவிடலாகாது என்றும், பொதுநலன் நோக்கிலேயே அவை பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினர். அதுவரை வானலையை ஆண்டது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். 1857 எழுச்சியின் அச்சம் நீங்காத வெள்ளையர் ஆட்சி இயற்றிய சட்டம் அது. விடுதலைக்குப் பின்னரும் நூற்றாண்டைக் கடந்து அது நீடித்தது. 2023இல் நிறைவேற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆனாலும் யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதை அனுமதிச் சீட்டின் மூலம் ஒன்றிய ஆட்சியாளர்களே தீர்மானிக்கும் முறை மாறவில்லை.

தீர்ப்பு இரண்டு ஏகபோகங்களையும் கண்டித்தது. நடைமுறையில் என்ன நடந்தது? அரசின் ஏகபோகத்தைத் தளர்த்துகிறோம் என்ற பெயரில் வானலையை ஏலத்துக்கு விட்டார்கள். 1999இல் தொடங்கிய தனியார் பண்பலை ஏலம் 2005இல் இரண்டாம் கட்டமாகவும், 2015இல் மூன்றாம் கட்டமாகவும் விரிந்தது. 2015 ஏலத்தின் முதல் சுற்றில் மட்டும் 97 அலைவரிசைகள் 1,100 கோடி ரூபாய்க்கும் மேல் விலை போயின. டெல்லியில் ஒரே ஓர் அலைவரிசை 169 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் மேலும் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 169 கோடி கொடுத்தவன் அதைத் திரும்ப எடுக்க வேண்டாமா? விளம்பரமும் திரைப்பாடலும் அரட்டையும்தான் அவனுக்குப் பலன் தரும். எந்த நகரத்திலும் கூலி உயர்வைப் பற்றிப் பேசும் தனியார் பண்பலையை நீங்கள் கேட்டதுண்டா?

உடைமைக்கு வரம்பு இல்லாமல் இல்லை. நாட்டிலுள்ள மொத்த அலைவரிசைகளில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒரு நிறுவனம் வைத்திருக்கக் கூடாது என்று இருந்த வரம்பு 2023இல் நீக்கப்பட்டது. ஒரு நகரத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்நிய முதலீட்டு வரம்பு 20 விழுக்காட்டிலிருந்து 26ஆகி, 2015இல் 49ஆக உயர்த்தப்பட்டது. மூலதனத்துக்கு வேலி தாழ்ந்துகொண்டே போகிறது.

வேலியை அடியோடு பிடுங்கினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலிகளை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றது. கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களைத் தாண்டியது. 2002 ஜனவரியில் வடக்கு டக்கோட்டா மாநிலத்தின் மைனாட் நகரருகே நள்ளிரவுக்குப் பின் சரக்கு ரயில் கவிழ்ந்து அமோனியா நச்சுவாயு பரவியது. நகரின் ஆறு வணிக வானொலிகளும் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். எச்சரிக்கை செய்யக் காவல்துறை தொலைபேசியில் அழைத்தபோது எடுத்துப் பேச ஆளில்லை. எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்ட விதத்தில்தான் கோளாறு என்று பின்னர் நிறுவனம் வாதிட்டது. எப்படியாயினும், ஆறு வானொலிகள் இருந்த ஊரில் அந்நேரத்தில் மக்களுக்கு ஒரு குரல் இல்லை. பெட்டிமுடிக்கும் மைனாட்டுக்கும் இடையே கடல்கள் இருக்கின்றன, படிப்பினை ஒன்றுதான்.

அரசு வானொலி நமக்கு மாற்றாக இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. திருவிதாங்கூர் அரசு 1943இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானொலி 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. திருநெல்வேலி வானொலியின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள் தென்மலைகளில் ஏராளம். ஆனால் இன்று பிரசார் பாரதி உள்ளூர்க் குரல்களைச் சுருக்கிவருகிறது. திருவனந்தபுரத்தின் அனந்தபுரி பண்பலைக்கு நேர்ந்த கதியைக் கண்டு கேட்போர் குரலெழுப்பியதை நீங்கள் அறிவீர்கள். பொது ஒலிபரப்பைக் காக்கும் போராட்டமும் சமுதாய வானொலிக்கான போராட்டமும் ஒன்றுக்கொன்று துணை.

சமுதாய வானொலி: விதிகள் என்ன சொல்கின்றன?

2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி அனுமதிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலித்தது. மக்கள் அமைப்புகளுக்கு வாசல் திறக்க 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில், பீகாரின் மன்சூர்பூர் கிராமத்தில் ஓர் ஏழை இளைஞர் மிகக் குறைந்த செலவில் தாமே கட்டமைத்து நடத்திவந்த ராகவ் எஃப்.எம். உரிமம் இல்லை என்று மூடப்பட்டது. ஊர் மக்கள் நேசித்த வானொலி அது. சட்டத்தின் கண்ணில் குற்றம்.

2006 கொள்கையின் முக்கிய விதிகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் அமைப்பு இலாப நோக்கற்றதாக இருக்க வேண்டும். பதிவு பெற்று மூன்றாண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மக்களிடையே பணியாற்றிய வரலாறு வேண்டும். உடைமையும் நிர்வாகமும் அம்மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் அமைய வேண்டும். ஒலிபரப்புத் திறன் வழக்கமாக 100 வாட். ஆண்டெனா உயரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. அனுமதியை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. வங்கி உத்தரவாதம் 25,000 ரூபாய்.

2024 பிப்ரவரியில் விதிகள் திருத்தப்பட்டன. முதல் அனுமதிக்காலம் ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாகியது. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகியது. அரசு விளம்பரக் கட்டணம் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகியது. ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியை மனமார வரவேற்கிறோம். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்கள் பெண்கள். ஒலிவாங்கியும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

ஆனால் அதே திருத்தம், பல மாவட்டங்களில் இயங்கும் ஓர் அமைப்பு ஆறு நிலையங்கள் வரை நடத்தலாம் என்கிறது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஆறு நிலையம், 12 நிமிட விளம்பரம் என்று போனால், பெரிய அமைப்புகளும் பெருநிறுவனங்களின் அறக்கட்டளைகளும் சமுதாயத்தின் பெயரில் சங்கிலி வானொலி நடத்தும் வாய்ப்பு உருவாகிறது. நாடு முழுவதும் இன்று சுமார் 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உரியவை. உழைக்கும் மக்களே உடைமையாளராக இருப்பவை எத்தனை என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், இன்றைய தெலங்கானாவில், மச்சனூர் கிராமத்தின் சங்கம் வானொலி 2008 அக்டோபரில் தொடங்கியது. தலித் பெண்களே அதன் குரல். விதையும் பயிரும் உணவும் அதன் பேச்சு. பாம்பனில் கடல் ஓசை மீனவர்களுக்குக் கடலின் நிலையைச் சொல்கிறது. வயநாட்டில் 2009 முதல் மாற்றொலி பழங்குடி மக்களையும் விவசாயிகளையும் சென்றடைகிறது. கோத்தகிரியில் ரேடியோ கோத்தகிரி நீலகிரியின் ஆதிவாசி மொழிகளில் பேசுகிறது. கோத்தகிரியும் தேயிலை மலைதான். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

சங்கத்துக்கு ஏன் கதவடைப்பு?

இப்போது நம்மைச் சுடும் விதிக்கு வருகிறேன். தகுதியற்றவர்களின் பட்டியலில் தனிநபர்கள், இலாப நோக்குள்ள அமைப்புகள், தடை செய்யப்பட்ட அமைப்புகள் ஆகியோருடன் அரசியல் கட்சிகளும், அவற்றோடு இணைந்த மாணவர், மாதர், தொழிற்சங்க அமைப்புகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

கட்சிகள் வானொலி நடத்தக் கூடாது என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உரிமம் வழங்கும் அதிகாரம் ஆளுங்கட்சியின் கையில் இருக்கும் நாட்டில், கட்சி வானொலி என்றால் முதலில் யார் கொழுப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த விதியின் வர்க்கத் தன்மையைப் பாருங்கள். ஒரு தோட்ட நிறுவனம் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, மூன்றாண்டுகள் மருத்துவ முகாம் நடத்தி, இலாப நோக்கற்றது என்ற பெயர்ப்பலகையோடு வரிசையில் நிற்க முடியும். அந்தத் தோட்டத்தில் தம் சந்தாவில் சங்கம் கட்டிய தொழிலாளிகள் நிற்க முடியாது. முதலாளியின் அரசியல் அறக்கட்டளை ஆகிவிடுகிறது. தொழிலாளியின் அமைப்பு மட்டும் அரசியலாகவே நின்றுவிடுகிறது.

உலக அனுபவம் வேறு. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் பிற்பகுதியிலிருந்து தங்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்துச் சங்க வானொலிகளைக் கட்டினார்கள். ஒரு கட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. சுரங்க விபத்து, கூலிப் பேச்சுவார்த்தை, காணாமற்போன பிள்ளை, திருமண அழைப்பு எல்லாம் அவற்றில் ஒலித்தன. 1980 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவ்வானொலிகள் ஒன்றோடொன்று இணைந்து நாட்டுக்கு உண்மையைச் சொல்லின. அதனாலேயே இராணுவம் அவற்றை ஒவ்வொன்றாகத் தாக்கி மௌனமாக்கியது.

உள்ளாட்சி உடைமைக்கும் நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1924இல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தொடங்கியது. பணமின்றி அது நின்றபோது அதன் கருவி மாநகராட்சியிடம் வந்தது. 1930 முதல் 1938இல் அகில இந்திய வானொலி சென்னையில் தொடங்கும்வரை சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. வெள்ளையர் காலத்தில் ஒரு மாநகராட்சி செய்ததை, மக்கள் திட்டமிடலுக்குப் பெயர்பெற்ற கேரளத்தின் ஊராட்சி இன்று செய்ய வழியில்லை. தகுதிப் பட்டியலில் உள்ளாட்சிகளின் பெயரே இல்லை.

செய்தி சொல்லத் தடை

இரண்டாவது விலங்கு செய்தித் தடை. தனியார் பண்பலையானாலும் சமுதாய வானொலியானாலும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். வானிலை, குடிநீர், மின்சாரம், வேலைவாய்ப்பு, இயற்கைச் சீற்றம் பற்றி நிர்வாகம் தரும் அறிவிப்புகள் செய்தியல்ல என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். அதாவது, ஆட்சியர் அலுவலகம் அனுப்பும் மழை எச்சரிக்கையை வாசிக்கலாம். “மூன்றாம் லயத்தின் பின்சுவர் வெடித்திருக்கிறது, நிர்வாகம் இன்னும் வந்து பார்க்கவில்லை” என்று ஒரு தாய் சொன்னால் அது செய்தியா, மக்கள் பங்கேற்பா? அதை டெல்லி அதிகாரி தீர்மானிப்பார். நாளிதழும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் செய்தி சொல்லும் நாட்டில் வானொலிக்கு மட்டும் பாதுகாப்பு என்ற காரணம் காட்டப்படுகிறது. எழுதப் படிக்க வாய்ப்பற்றவருக்கும் எட்டும் சாதனம் வானொலி என்பதே ஆட்சியாளர்களின் அச்சத்துக்குக் காரணம்.

போராடினால் பயன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் சமுதாய வானொலிகளின் அலைக்கற்றைக் கட்டணத்தை ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நாடெங்கும் சிறு நிலையங்கள் எதிர்த்து நின்றன. உயர்வு திரும்பப் பெறப்பட்டது.

ஆண்டெனா நட ஓர் அடி மண்

மூன்றாவது தடை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. பண்பலை அலை நேர்கோட்டில் செல்வது. உயரத்தில் நட்டால் தூரம் போகும். மலைமடிப்புக்குப் பின்னே நிழல் விழும். எனவே இடத்தேர்வே பாதிப் பொறியியல். மக்கள் வாழும் பகுதிக்குள்ளேயே நிலையம் அமைய வேண்டும் என்கிறது விதி. ஆனால் இம்மலையில் தோட்டம் நிறுவனத்துடையது. தோட்டத்துக்கு அப்பால் காடு வனத்துறையுடையது. வசிக்கும் லயமே உங்களுடையதன்று. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வானலை பொதுச் சொத்து என்ற தீர்ப்பு கையில் இருந்தாலும், கம்பம் நட ஓர் அடி மண் இல்லாதவனுக்கு அது எப்படிப் பயன்படும்? நிலத்துக்கான போராட்டமும் குரலுக்கான போராட்டமும் இங்கே ஒன்றாகின்றன.

நமது கோரிக்கைகள்

ஒன்று: கட்சிகளைப் பற்றிய விதி எதுவாயினும், தொழிற்சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், உள்ளாட்சிகள் ஆகியவை சமுதாய வானொலி நடத்தும் உரிமை பெற வேண்டும்.

இரண்டு: செய்தித் தடை நீக்கப்பட வேண்டும்.

மூன்று: பெருநிறுவன அறக்கட்டளைகள் சமுதாயத்தின் பெயரில் உரிமம் பெறுவதைத் தடுக்கும் தெளிவான உடைமை விதி வேண்டும்.

நான்கு: உரிமம் வழங்கும் அதிகாரம் அமைச்சகத்திடமிருந்து சுயேச்சையான பொது அமைப்புக்கு மாற்றப்பட வேண்டும்.

ஐந்து: நிலச்சரிவு அபாயமுள்ள மலைப்பகுதிகளில் வானொலி நிலையத்துக்குப் பொது நிலமும் கருவிச் செலவும் அரசு தர வேண்டும்.

இன்றே தொடங்க வேண்டிய வேலை

கோரிக்கைகள் வெல்லும்வரை கைகட்டி நிற்கலாமா? கூடாது. இருக்கும் விதிக்குள் செய்யக்கூடியது உண்டு. கேரளத்தில் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிலையச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. குடும்பஸ்ரீயின் ஊராட்சி அளவிலான சமுதாய வளர்ச்சிச் சங்கங்கள் அச்சட்டப்படியே பதிவு பெற்றவை. அதே சட்டப்படி பொன்முடி மக்களின் சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம். மூன்றாண்டு விதியை மறவாதீர்கள். இன்று பதிவு செய்தால் மூன்றாண்டு கழித்து விண்ணப்பிக்கலாம். அடுத்த மழைக்குப் பின் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் இன்னும் ஒரு மழைக்காலம் ஊமையாகக் கழியும்.

அச்சங்கம் பற்றி ஒரு சொல், கண்டிப்பாக. அது நமது பினாமியாக இருக்கக் கூடாது. நமது ஆட்களை மட்டும் நிரப்பி, வேறு பெயர்ப்பலகை மாட்டி, உள்ளே கட்சி அலுவலகம் நடத்துவோமானால், உரிமம் பறிபோவது ஒருபுறம் இருக்கட்டும். மக்களின் நம்பிக்கை பறிபோகும். மாற்றுச் சங்கத்துக்காரரும் அதில் இருக்க வேண்டும். மலையடிவாரத்துக் காணி மக்கள் விருந்தினராக அல்ல, உடைமையாளராக இருக்க வேண்டும். அவர்களது பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து நிற்கின்றன. இம்மலையின் வானொலியும் அப்படித்தான் இருக்க வேண்டும். நம்மை விமர்சிக்கும் தொழிலாளியின் குரலும் அதில் ஒலிக்க வேண்டும். மக்கள் சொத்து என்று வானலையைச் சொல்பவர்கள், தம் கைக்கு வந்ததும் அதைத் தம் சொத்தாக்கிக்கொண்டால், ஏலத்தில் எடுத்தவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

மூன்றாண்டுகள் வீணாகப் போகவும் தேவையில்லை. மழைமானி வைத்து அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த லயத்தில் முதியவர், எந்த லயத்தில் கர்ப்பிணி என்று பட்டியல் எடுங்கள். பாட்டிமாரின் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வாரம் ஒரு நாள் ஒலிபெருக்கியில் போட்டுக் கேளுங்கள். விண்ணப்பத்தில் பணிவரலாறு என்று கேட்கும் இடத்தில் அதுவே உங்கள் பதில்.

இந்த உச்சியிலிருந்து தமிழும் மலையாளமும் காணிகளின் வழக்கும் ஒலிக்கும் நாள் வரட்டும். மழை இரவில் எந்தத் தாயும், வெளியே யாருக்கும் தெரியாது என்ற அச்சத்தோடு பிள்ளையை அணைத்துக்கொண்டு விழித்திருக்கும் நிலை இனி வேண்டாம். அதற்கான முதல் கையெழுத்தை இந்தக் கூட்டத்திலேயே இடுவோம்.